ஐஸ் கம்பெனியில் 14 பேர்: 20-க்குக் கீழே என்றால் எங்களுக்குச் சட்டமே இல்லையா?

மண்டபம்_ஐஸ்:

மண்டபம் பக்கம் அம்மோனியாவில் ஓடும் ஐஸ் கம்பெனி. மொத்தம் 14 பேர்: கம்பெனி ஆள் 9, ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஒடிசா ஆள் 5. மாதம் 18,000 போல வரும். யார் கையிலும் வேலைக் கடிதம் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கு முந்தின நாள் எல்லோரையும் நிறுத்தி, பாதிச் சம்பளத்தைப் பிடித்துவைத்து, "ஜூன் 15 திரும்பி வா, தருகிறேன்" என்பது வழக்கம்.

2025 நவம்பர் 21-இல் புதுத் தொழிலாளர் சட்டங்கள் வந்ததிலிருந்து முதலாளி பாடுவது ஒரே பாட்டு: "இருபது பேருக்குக் கீழே இருந்தால் ஃபேக்டரியே இல்லை. இனி இன்ஸ்பெக்டர் உள்ளே வர முடியாது."

கேள்விகள்:

1. இது உண்மையா?
2. அம்மோனியா லைனில் தேங்கும் கம்ப்ரசர் ஆயிலை வடித்து எடுக்கும்போது கேஸ் அடிக்கிறது. மாஸ்க் இரண்டு இருக்கிறது, அதுவும் கம்ப்ரசர் ரூமுக்குள் பூட்டிய பீரோவில். என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?
3. ஐஸ் உடைக்கிற மெஷினில் கை போனால், அல்லது விடியற்காலை 3 மணிக்கு வேலைக்கு வரும் வழியில் பைக் விபத்து நடந்தால், என்ன கிடைக்கும்?

---

சட்டப்புள்ளி:

முதலாளி சொல்வதில் கால்வாசி உண்மை. மீதியை உடைத்துப் பார்ப்போம்.

பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர் இருந்தால் தொழிற்சாலை. தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்பு 2020 (நவம்பரில் வந்த புதுச் சட்டங்களில் ஒன்று) அதை 20 ஆக்கியது. மின்சாரம் இல்லாமல் என்றால் 20 இருந்தது 40 ஆனது. கால்வாசி உண்மை இதுதான்.

அவர் விட்டுவிட்டது மூன்று.

ஒன்று, "தொழிற்சாலை" வேறு, "நிறுவனம்" வேறு. பத்துப் பேர் வேலை பார்த்தாலே அது இந்தத் தொகுப்பின்படி நிறுவனம். பதிவு செய்ய வேண்டும்; ஆபத்தில்லாத பணியிடம் தர வேண்டும்; எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். அரசு குறிப்பிடும் வயதினருக்கும் பிரிவினருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனையும் உண்டு. எட்டு மணி நேர வேலை, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம், தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் மிகைநேரம் இல்லை: இவையும் அப்படியே. 20-க்குக் கீழே போனால் தொழிற்சாலை உரிமம் போன்ற சிலதுதான் கழன்றுகொள்கிறது.

இரண்டு, உங்கள் முதலாளி மனதில் எண்ணுவது 9 ஆக இருக்கும். அந்த ஐந்து ஒடிசா ஆட்களை "ஒப்பந்தக்காரன் ஆள்" என்று கழித்துவிட்டால் பத்துக்கும் கீழே போய்விடலாம் அல்லவா? கழிக்க முடியாது. வளாகத்தில் வேலை பார்ப்பவர்களைத்தான் எண்ண வேண்டும், யார் சம்பளம் போடுகிறார் என்பதை அல்ல. அடுத்த வாதம் எப்போதும் இதுதான் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

மூன்று, இதுதான் முக்கியம். தொழிற்சாலை வரையறையில் "இன்று 20 பேர்" என்று இல்லை. கடந்த 12 மாதத்தில் ஏதேனும் ஒரு நாள் 20 பேர் வேலை பார்த்திருந்தாலே போதும். ஒரே நாளில் வெவ்வேறு ஷிஃப்டில் வருகிறவர்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். தடை முடிந்து ஜூன் 15-ஐ ஒட்டி விசைப்படகுகள் கிளம்பும் நேரத்தில் உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் ஐஸ் பார் இழுக்கிறார்கள், உடைக்கிறார்கள், வண்டி ஏற்றுகிறார்கள்? பகலும் இரவும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு நாள் கணக்கு இருபதைத் தொட்டால் அடுத்த 12 மாதம் அது தொழிற்சாலைதான்.

அதனால் அந்த நாட்களின் ஆள் கணக்கைக் கையில் வையுங்கள். வருகைப் பதிவின் படம், "இன்னைக்கு ஆறு ஆள் கூட அனுப்பு" என்று வந்த வாட்ஸ்அப், கூலி போட்ட ஜிபே பதிவு. பின்னால் இதைத் தேடினால் கிடைக்காது.

நியமனக் கடிதம்: ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். 2026 பிப்ரவரியோடு கெடு முடிந்தது. எழுத்தில் கேளுங்கள். கடிதம் தரும்போது சேர்ந்த தேதியைப் பாருங்கள். உண்மையில் சேர்ந்த ஆண்டைப் போடாமல் இந்த ஆண்டுத் தேதியைப் போட்டு நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் பழைய சர்வீஸ் கரைந்தது. தேதி தவறென்றால் வாங்கும்போதே "சேர்ந்த தேதி ஏற்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

பிடித்துவைக்கும் சம்பளம்: ஊதியத் தொகுப்பில் இதற்கு இடமே இல்லை. வேலையை விட்டு நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், நீங்களே விலகினாலும் 2 வேலை நாளுக்குள் முழுக் கணக்கும் தீர்க்க வேண்டும். "நீக்கவில்லை, லீவு விட்டிருக்கிறேன்" என்று சொன்னால் மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். எந்த வழியில் போனாலும் ஜூன் 15 வரை பிடிக்க முடியாது. கோரிக்கை மனுவுக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. முன்பணம் வாங்கியிருந்தால் தவணையில் கழிக்கலாம். ஆனால் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

---

கம்ப்ரசர்_ரூம்:

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். சட்டம் பேசுவதற்கு முன்னால் அந்த மாஸ்க்கை வெளியே எடுங்கள். கம்ப்ரசர் ரூமுக்குள் மாஸ்க் இருந்தால் கேஸ் அடிக்கும்போது அதை எடுக்கப் போகிறவர்தான் முதலில் விழுவார். கதவுக்கு வெளியே, காற்று வரும் பக்கம், கண்ணாடிப் பெட்டியில், பூட்டு இல்லாமல்.

மாஸ்க் வகையும் பாருங்கள். அம்மோனியாவுக்கான ஃபில்டர் "கே" வகை, பச்சைப் பட்டை போட்டிருக்கும். தூசி மாஸ்க்கும் பெயின்ட் அடிக்கிற மாஸ்க்கும் இதற்கு உதவாது. பச்சைப் பட்டைகூடக் குறைந்த அளவுக் கசிவில் ஓடி வெளியேறத்தான். உள்ளே போய் வால்வு மூட முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர் செட் வேண்டும். 6 லிட்டர், 300 பார் அழுத்தச் சிலிண்டர் என்றால் உள்ளே 1,800 லிட்டர் காற்று. பதற்றத்தோடு வேலை செய்யும் ஆளுக்கு அரை மணி நேரம் என்று வையுங்கள். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். ஆகவே இரண்டு செட்.

அளவுகள் தெரிந்திருந்தால் பேச்சு எடுபடும். 8 மணி நேர வேலைக்கு எல்லை 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு), 15 நிமிடத்துக்கு 35. 300 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து. மூக்கு 5 பிபிஎம்மிலேயே பிடித்துவிடும், ஆனால் பழகினால் மரத்துவிடும். "எங்களுக்கு வாசனையே தெரியாது, பழகிடுச்சு" என்று பழைய ஆட்கள் சொன்னால் பெருமைப்பட ஒன்றுமில்லை. காற்றில் 15 முதல் 28 சதவீதம் கலந்தால் தீயும் பிடிக்கும். அதனால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சும் கம்ப்ரசர் நிறுத்தும் சுவிட்சும் வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஆயில் எடுப்பதுதான் ஐஸ் கம்பெனியில் மோசமான வேலை. ஆயில் குளிரில் கெட்டியாகி வால்வு வாயில் அடைத்துக்கொள்ளும். "வரலையே" என்று வால்வை முழுசாகத் திறப்பார்கள், அல்லது கம்பி விட்டுக் குத்துவார்கள். அடைப்பு விட்டதும் பின்னால் நிற்கிற திரவ அம்மோனியா மொத்தமாகப் பாயும். ஒரு லிட்டர் திரவம் 850 லிட்டர் போல வாயுவாக விரியும். சிறிய அறையில் ஓட நேரமிருக்காது.

சரியான முறை: இரண்டு வால்வு வரிசையாக இருக்க வேண்டும். முதலாவது சாதாரண வால்வு. இரண்டாவது கையை எடுத்தால் ஸ்பிரிங்கில் தானாக மூடிக்கொள்வது. அந்த இரண்டாவதுதான் உங்கள் கம்பெனியில் இருக்காது. இரண்டு ஆள், கண்ணாடி, ரப்பர் கையுறை, பக்கத்தில் தண்ணீர் ஹோஸ். ஆயில் தேங்கியிருக்கும் பாத்திரத்தை முதலில் தனிமைப்படுத்தி அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, கால் திருப்பு மட்டும் திறக்க வேண்டும். வராவிட்டால் மூடிவிட்டு, வெளியிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் காத்திருக்க வேண்டும். நெருப்பு காட்டக் கூடாது. வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகவே கூடாது.

உங்கள் கரைக்கு இன்னொன்று: உப்புக்காற்று. வெளியே பெயின்ட் அடித்த பைப் பளபளவென்று இருக்கும். குளிர் காக்கப் போர்த்திய பூச்சுக்கு உள்ளே ஈரம் நின்று பைப் அரித்திருக்கும். பூச்சு ஊதியிருந்தாலோ துருத் தண்ணீர் வடிந்திருந்தாலோ அந்த இடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தடைக்காலம் 61 நாள் இதற்கென்றே அமைந்த மாதிரி. கம்ப்ரசர் ஓவர்ஹால் செய்து முடித்ததோடு விட்டுவிடுகிறார்கள். பைப் தடிமன் அளப்பதில்லை, சேஃப்டி வால்வைச் சோதிப்பதில்லை. எங்காவது பித்தளை வால்வு போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். அம்மோனியா பித்தளையைத் தின்னும்.

சிறு கசிவுக்குக் கந்தகத் திரி கொளுத்திக் காட்டினால் வெண்புகை எழும். ஃபினால்ஃப்தலீன் தாளை நனைத்துக் காட்டினால் இளஞ்சிவப்பாகும். கேஸ் நிறைந்த அறையில் திரி கொளுத்தக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தும் சொல்கிறேன். ஐஸ் உறையவைக்கும் உப்புத் தண்ணித் தொட்டியிலேயே வாடை வந்தால் உள்ளே இருக்கும் அம்மோனியாக் குழாய்ச் சுருளில் ஓட்டை.

பெரிதாக அடித்தால்: ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே ஓடுங்கள், காற்று போகும் திசையில் அல்ல. கச்சான் (மேல்காற்று) வீசும்போது கேஸ் கிழக்கே போகும், வாடைக்காலத்தில் தெற்கே. கூரை மேல் ஒரு துணிக்குழாய் கட்டினால் திசை தெரியும், செலவு சொற்பம். தண்ணீரைப் புகைமேல் தெளித்தால் அம்மோனியா கரையும். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் ஊற்றினால் கொதித்து இன்னும் எழும். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஹோஸைத் தவறான இடத்தில் பிடிக்கிறார்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீர், அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

---

மண்டபம்_ஐஸ்:

இரண்டாவது ஸ்பிரிங் வால்வு இல்லை, சரிதான். இதை எழுத்தில் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. யார் பெயரில் எழுதுவது?

---

சட்டப்புள்ளி:

தனி ஆளாக எழுதாதீர்கள், ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தொகுப்பின் 14-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் முதலாளிக்குச் சொல்லலாம், அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும்; என்ன செய்தார் என்று ஆய்வாளருக்கு அறிக்கையும் தர வேண்டும். அந்தப் பிரிவு எண்ணைக் கடிதத்தில் போடுங்கள்.

கடிதம் நீளம் வேண்டாம். இப்படி:

"கம்ப்ரசர் அறையில் ஆயில் வெளியேற்றும் இடத்தில் தானாக மூடும் வால்வு இல்லை. சுவாசக் கருவிகள் அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. இன்ன தேதிகளில் ஆயில் எடுக்கும்போது அம்மோனியா கசிந்தது. இது உடனடி ஆபத்து என்று கருதுகிறோம். பிரிவு 14-இன்படி தெரிவிக்கிறோம். நகல்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்."

பதிவு செய்த ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றோடு. தேதியும் இடமும் இல்லாத புகாருக்கு மதிப்பில்லை. "பாதுகாப்பே இல்லை" என்று எழுதினால் கோப்பில் தூங்கும்; "ஆயில் வால்வு ஒன்றுதான்" என்று எழுதினால் வந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கம்பெனிக்கு உரிமம் உண்டா, அழுத்தக் கலங்களுக்குச் சோதனைச் சான்று உண்டா என்று அறிய தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் கேட்கலாம், 30 நாள். இந்த மனுவைக் கம்பெனி ஆள் போட வேண்டும் என்பதில்லை; ஊரில் யாரும் போடலாம். சம்பளம், நியமனக் கடிதம் எல்லாம் வேறு துறை: தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்). இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

முதலாளிக்கு எது உறைக்கும் என்றால் 103-ஆம் பிரிவு. விதிமீறலால் மரணம் நடந்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். கடுங்காயம் என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 2 முதல் 4 லட்சம் அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கு, இறந்திருந்தால் வாரிசுகளுக்கு, தர நீதிமன்றம் உத்தரவிடலாம். எழுத்தில் எச்சரித்த கடிதம் கோப்பில் இருந்தால் "எனக்குத் தெரியாது" என்ற வாதம் நிற்காது.

---

கணக்கு_வழக்கு:

மூன்றாம் கேள்வி. முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டா இல்லையா? 10 பேர், சம்பளம் 21,000-க்குள் என்றால் வரம்புக்குள்தான். 18,000 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இறந்தால் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். அதே விபத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. வரம்புக்குள் வருகிற ஆளுக்கு இழப்பீட்டு மனு போட்டு இரண்டு ஆண்டு அலைந்தபின் "இது இ.எஸ்.ஐ. விவகாரம்" என்று தள்ளுபடியாவது அடிக்கடி நடப்பது. முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வழி இருக்கிறது.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே என்றால் சூத்திரம் இது. மரணம்: மாதச் சம்பளத்தில் 50 சதவீதம் × வயதுக் காரணி (வயதுக்கேற்பச் சட்ட அட்டவணை தரும் எண்). நிரந்தர முழு ஊனம்: 60 சதவீதம் × காரணி. 2020 ஜனவரி அறிவிக்கைப்படி சம்பளத்தை 15,000 வரைதான் எடுப்பார்கள். 35 வயதுக்குக் காரணி 197.06.

மரணம்: 7,500 × 197.06 = 14,77,950 ரூபாய்.
முழு ஊனம்: 9,000 × 197.06 = 17,73,540 ரூபாய்.
ஐஸ் உடைக்கிற மெஷினில் ஒரு கட்டைவிரல் முழுதும் போனால் அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு: 5,32,062 ரூபாய்.

தற்காலிகக் காயம் என்றால் மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அரைமாதத்துக்கு ஒருமுறை. வைத்தியச் செலவு முழுதும் இதற்கு மேல் தனி. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

பணம் ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் தாமதித்தால் 50 சதவீதம் வரை கூடுதல். மரண வழக்கில் முதலாளி குடும்பத்தின் கையில் இரண்டு லட்சம் கொடுத்து வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வாங்கினால் அது சட்டப்படி இழப்பீடே அல்ல. இழப்பீட்டை விசாரிக்கும் ஆணையரிடம் கட்டினால்தான் கட்டியது.

"குடித்திருந்தான், கவசத்தைக் கழற்றினான்" என்பார்கள். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த எதிர்வாதம் செல்லாது. விரல் போன வழக்கில் செல்லும். அதனால் மெஷினில் கவசமே இல்லாத படத்தை இன்றே எடுத்து வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் வாய்மொழிதான் வழக்கின் அடித்தளம். "வழுக்கி விழுந்தான்" என்று கூட வந்த மேஸ்திரி சொல்லிவிட்டால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் அப்படியே ஏறும். "வேலை நேரத்தில், கம்பெனியில், இந்த மெஷினில்" என்று சொல்லிப் பதியச் செய்து நகல் வாங்குங்கள்.

பைக் விபத்து: உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 28-இல் தெளிவாக்கிவிட்டது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-இல் அதிகாலை 3 மணி டியூட்டிக்கு பைக்கில் போகும் வழியில், ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் இறந்த வழக்கு. உங்கள் கேள்வி அப்படியே. குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது நீதிமன்றம். சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இப்போது அது எழுத்திலேயே இருக்கிறது.

---

தொண்டிக்கரை:

மேலே சொன்னதில் ஒரு திருத்தம். எந்தப் பயணமும் சேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரம், இடம், வேலை மூன்றுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். மண்டபத்துக்கு வேலைக்குக் கிளம்பியவர் உச்சிப்புளியில் கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது அடிபட்டால் வாதம் பலவீனம். டியூட்டி நேரம் எழுத்தில் இல்லாததுதான் ஐஸ் கம்பெனிக்காரர்களுக்குப் பெரிய ஓட்டை. "3 மணிக்கு வா" என்ற போன் மெசேஜ் இருந்தால் போதும், அழிக்காதீர்கள்.

தடைக்கால நிறுத்தம் பற்றியும் யாரும் முழுசாகச் சொல்லவில்லை. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஆண்டில் 240 நாள் வேலை செய்தால் தொடர் சர்வீஸ். 365-இல் 61 போனால் 304. வாரம் ஒரு நாள் ஓய்வு கழித்தால் சுமார் 260. ஆகவே நிறுத்தியதால் சர்வீஸ் அறுவதில்லை. 18,000 சம்பளத்துக்கு ஓராண்டுக்கு 18,000 ÷ 26 × 15, அதாவது 10,385 ரூபாய் போல. முதலாளி "இது பருவத்தொழில்" என்று வாதிட்டு ஒரு பருவத்துக்கு 7 நாள் சம்பளத்தோடு முடிக்கப் பார்ப்பார். தடைக்காலத்தில் இரண்டு பேராவது கம்ப்ரசர் வேலைக்கு இருந்தார்களா, தெருக்கடைகளுக்கு ஐஸ் போனதா என்பதைக் குறித்து வைத்தால் அந்த வாதம் ஆடும்.

புதிதாகப் பத்து மாத ஒப்பந்தம் நீட்டினால் கவனம். குறித்த கால ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டாம், ஓராண்டிலேயே பணிக்கொடை என்று புதுத் தொகுப்பு வந்திருக்கிறது. பத்து மாதமாக வெட்டுவது அதைத் தப்பிக்கத்தான்.

---

மண்டபம்_ஐஸ்:

ஒடிசாக்காரர்களுக்கு ஏதாவது தனியாக உண்டா? படகுக்கு ஐஸ் ஏற்றுவது அவர்கள்தான், ஜெட்டியில் வழுக்கி விழுவதும் அவர்கள்தான்.

---

சட்டப்புள்ளி:

வெளிமாநிலத் தொழிலாளர் பகுதி, ஆண்டுப் பயணப்படி உட்பட, 10 வெளிமாநில ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான். ஐந்து பேருக்கு அது வராது. ஒப்பந்தக்காரருக்கு உரிமமும் இப்போது 50 ஆளிலிருந்துதான், முன்பு 20. இந்த இரண்டிலும் கை கொஞ்சம் கட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் விபத்து இழப்பீட்டில் வித்தியாசம் இல்லை. ஒப்பந்தக்காரர் கொடுக்காவிட்டால் கம்பெனி முதலாளி கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். ஜெட்டியில் விழுந்தாலும் கம்பெனி வேலையாகப் போனவர் என்றால் அதேதான். அவர்களிடம் ஒப்பந்தக்காரர் பெயர், சம்பளம் வந்த கணக்கு எண் இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்கு மறுநாள் ஒப்பந்தக்காரர் போன் அணைந்திருக்கும்.

பிடிக்கும் மீனில் பங்குக்குப் படகில் போகிறவர்கள் கதை வேறு. அவர்களுக்கு மீனவர் குழு விபத்துக் காப்பீடு: மரணம், நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் இப்போதே பாருங்கள்.

---

கம்ப்ரசர்_ரூம்:

அந்தக் கடிதத்தில் ஐஸ் உடைக்கிற மெஷினையும் சேருங்கள். வாயில் கை போகாத உயரத்துக்குத் தகட்டுச் சரிவு, ஆள் நிற்கும் இடத்திலிருந்து எட்டும் சிவப்பு நிறுத்து பட்டன், அடைப்பு எடுக்கும்போது மெயின் சுவிட்சுக்குப் பூட்டு, சாவி அடைப்பு எடுக்கிறவர் பையில். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் தகட்டுச் சரிவு ஒரு நாள் வேலை. காலால் பாரைத் தள்ளும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள், தரை எப்போதும் ஈரம்.

---

மண்டபம்_ஐஸ்:

ஏழு பேர் கையெழுத்து ஆயிற்று. மாஸ்க் இரண்டும் வெளியே வந்துவிட்டது, ஃபில்டர் தேதி 2019 என்று போட்டிருக்கிறது.

---

கம்ப்ரசர்_ரூம்:

அப்படியானால் அது வெறும் ரப்பர். தேதி தெரியும்படி படம் எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள். புதுசு வரும்வரை ஆயில் எடுக்க மாட்டோம் என்றும் ஒரு வரி சேருங்கள்.